போர்க்கைதியின் மருமகள்

என் மாமனார் எதிரி நாட்டில் போர்க்கைதியாக இருந்தது ஒரு வருஷத்துக்கும் குறைவு. அதற்கு அவர் ஒரு புத்தகம் எழுதினார். நான் அவருடைய வீட்டில் இருபது வருஷமாக இருக்கிறேன். என்னை யாரும் புத்தகம் எழுதச் சொல்லவில்லை. அவர் புத்தகத்தைத் தட்டச்சு செய்யத்தான் சொன்னார்கள்.

'அவருடைய வீடு' என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். வீடு என் வேலைக்காக என் பெயரில் ஒதுக்கப்பட்ட அரசாங்கக் குவார்ட்டர்ஸ். எங்கள் தீவுகளின் தலைநகரில், டெலானிபூர் மேட்டில், படியேறி வருகிற விருந்தாளி முதலில் தண்ணீர் கேட்டு, பிறகுதான் பெயர் சொல்கிற உயரத்தில் இருக்கிறது. என் கணவர் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து தீவுக்குத் தீவு போகும் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறார். மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். மீதிப் பாதி தூங்குவார். மகன் கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் படிக்கிறான். ஆக, வீட்டில் நிரந்தர வாசிகள் இரண்டு பேர்: ஒரு முன்னாள் கைதி, ஒரு இந்நாள் கைதி.

மாமனார் எழுபத்தொன்று யுத்தத்தில் மேற்கு எல்லை மணலில் பிடிபட்டவர். விடுதலையாகி வந்து, பட்டாளத்தை விட்டு விலகியதும், முன்னாள் சிப்பாய்களுக்கு கிரேட் நிக்கோபாரில் நிலம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு கேம்பல் பேக்குக் கப்பலேறினார். ராமநாதபுரத்து வறட்சியில் பிறந்து பாலைவனத்தில் சிறைப்பட்ட மனிதர், வருஷம் முழுக்க மழை கொட்டுகிற காட்டைத் தேடிப் போனதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அங்கே காட்டை வெட்டித் தென்னை வைத்தார். மாமியார் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அதற்கு அடுத்த வருஷம் சுனாமி வந்து தென்னை, வீடு எல்லாவற்றையும் கொண்டு போனது. அன்றைக்கு மேட்டு நிலத்தில் மாடு தேடப் போயிருந்ததால் இவர் மட்டும் மிஞ்சினார். கட்டியிருந்த லுங்கியோடு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

புத்தகத்தைப் பட்டாளத்தை விட்ட கையோடு எழுதி, மதுரையில் சொந்தச் செலவில் அச்சடித்திருந்தார். விற்காத பிரதிகள் மொத்தமும் கேம்பல் பே வீட்டில்தான் இருந்தன. கடல் ஒரே நாளில் அத்தனையும் எடுத்துக்கொண்டது. அந்தப் புத்தகத்துக்கு ஒரே மூச்சில் அவ்வளவு வரவேற்பு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. பிழைத்தது ஒரே ஒரு பிரதி. அதுவும் எப்படி? இங்கே எங்கள் ஊர் மின்னி பேயில் இருக்கும் ஒரு நண்பர் இரவல் வாங்கிப் போய்ப் பல வருஷமாகத் திருப்பித் தராமல் வைத்திருந்தார். இரவல் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களை அதிலிருந்து நான் திட்டுவதில்லை.

இந்தப் பிரதியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பைக்குள் நாப்தலீன் உருண்டை போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எங்கள் ஊர் ஈரத்தில் தோல் செருப்பே ஒரு வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும். காகிதம் எம்மாத்திரம்? பக்கங்கள் அப்பளம் மாதிரி உடைய ஆரம்பித்திருந்தன. "நான் போறதுக்கு முந்தி இத மறுபடியும் அச்சுல பாத்துரணும், தாயி" என்று மாதம் ஒரு தரமாவது சொல்வார். ஆசை என்று அவர் கேட்டது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கட்டளைகள்.

கட்டளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலையில் எல்லோரும் எழுந்ததும் கின்தி. அதாவது பட்டாளத்து இந்தியில், தலை எண்ணுவது. வீட்டில் இரண்டே பேர் இருக்கும் நாளிலும் அறை வாசலில் நின்று "யாரு யாரு இருக்கீக?" என்று கேட்பார். "நான் இருக்கேன் மாமா" என்று நான் சொல்ல வேண்டும். இல்லை என்றால் வேறு யார் குரல் கொடுக்கப் போகிறார்கள்? குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். கோடையில் அதுவும் கிடையாது. டிரம்முக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மொண்டு விடுகிற பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். என் குவார்ட்டர்ஸில், என் டிரம்மில், நான் குளிக்க இன்னொரு மக் தண்ணீருக்கு மனுப் போட வேண்டும். ராத்திரி செய்தி முடிந்ததும் விளக்கணைப்பு. நான் படிக்கிற பத்திரிகை பாதியில் நிற்கும்.

இதையெல்லாம் நான் ஏதோ ராணுவ ஒழுக்கம் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தேன். தட்டச்சு செய்ய உட்கார்ந்த பிறகுதான் இவை அவருடைய பட்டாளத்தின் பழக்கங்கள் அல்ல, எதிரியின் பழக்கங்கள் என்று தெரிந்தது. 'ஆடு மாடுகளைப் போல எம்மை எண்ணினர். மனிதனை எண்ணத் தொடங்குகிறவன் மனிதனை மதிப்பதை நிறுத்துகிறான்' என்று மூன்றாம் அத்தியாயத்தில் அனல் பறக்க எழுதியிருக்கிறார். 'குளிக்கும் நீருக்குக் கையேந்தி நின்ற அவமானம்' என்று ஐந்தாம் அத்தியாயம். அடிபட்டுக் கற்ற பாடத்தை மறக்கக் கூடாது என்பார்கள். மாமனார் மறக்கவில்லை. பாடத்தை அப்படியே எங்களிடம் நடத்திக்கொண்டிருந்தார்.

தட்டச்சு வேலை என்னிடம் வந்தது எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்தின் புண்ணியத்தில். மன்றத்தின் செயலாளர் ஹார்டுவேர் கடைக்காரர். மேடை ஏறினால் சங்க காலம், கடைக்கு வந்தால் சிமென்ட். ஆண்டு விழாவுக்கு ஏதாவது புதுமையாகச் செய்ய வேண்டும் என்று அலைந்தவரிடம், மின்னி பே நண்பர் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடேறி வந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு பெயர் சொன்னார்.

"ஐயா, நம்ம தீவுல ஒரு போர்க்கைதி இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே! மறுபதிப்பு மன்றத்தோட பொறுப்பு" என்றார். மாமனார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. உள்ளே போய்ப் பிளாஸ்டிக் பையைக் குழந்தையைத் தூக்கி வருவது போல் இரண்டு கையாலும் தூக்கி வந்தார்.

செயலாளர் பக்கங்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் சுருங்கியது.

"ஐயா, தப்பிச்சுப் போக முயற்சி எதும் பண்ணலீங்களா?"

"இல்லய்யா. எங்க போறது? சுத்தி மணலு."

"சுரங்கம் கிரங்கம்?"

"மண்ணு தோண்டத் தெம்பு வேணுமில்ல? குடுத்ததே ரெண்டு ரொட்டி."

"சித்திரவதை?"

மாமனார் கொஞ்சம் யோசித்தார். "அரிசிச் சோறு குடுக்கல" என்றார்.

அந்தப் புத்தகத்தில் வீரம் தேடுகிறவன் ஏமாந்து போவான். அது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியது. பிறகு பேன். பிறகு குளிர். ஒரு முழு அத்தியாயம், சாயங்காலங்களில் தமிழ்நாட்டுச் சிப்பாய்கள் வட்டமாக உட்கார்ந்து, ஊரில் தங்கள் வீட்டில் மீன் குழம்பு எப்படி வைப்பார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்வதைப் பற்றியது. புளி எவ்வளவு என்பதில் சண்டை வந்து இரண்டு பேர் கைகலந்து, காவல்காரர்கள் வந்து விலக்கியிருக்கிறார்கள். யுத்தத்தில் அவர் விவரமாக வர்ணித்திருக்கும் மோதல் இது ஒன்றுதான்.

செயலாளர் விடவில்லை. "இந்த இடத்துல எதிரியோட சமையல்காரரைப் புகழ்ந்திருக்கு. காலம் சரியில்லீங்க ஐயா. எடுத்துடலாமா?"

"அவன் பருப்புல உப்பு சரியா இருந்துச்சு. அத எடுக்கணும்னா மொத்தத்தையும் எடுத்துருங்க" என்றார் மாமனார். பையை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். செயலாளர் பதறிப் போய், அப்படியே அச்சடிப்பதாக ஒப்புக்கொண்டார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "மேடம் ஆபீஸ்ல தமிழ் டைப்பிங் பண்றவங்கதானே? குடும்பத்துலயே ஆள் இருக்கு, நமக்கு வேலை மிச்சம்" என்றார். யாருக்கு மிச்சம் என்று அவர் சொல்லவில்லை.

ஆக, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவி, அதன் பிறகு செய்தி முடியும் வரை தட்டச்சு. மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உடையும் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். இடையில் அவர் தூங்கிவிடும் சமயங்களில், என் மனதில் தோன்றியதை அடைப்புக்குறிக்குள் நானும் இரண்டு வரி சேர்த்துக்கொள்வேன். கின்தி வருகிற இடத்தில் ஒன்று, தண்ணீர் வருகிற இடத்தில் ஒன்று. என் வயிற்றெரிச்சலுக்கு அது ஒரு மோர். எல்லாவற்றையும் கடைசியில் அழித்துவிடுவதாகத்தான் திட்டம்.

ஏழாம் அத்தியாயத்தில்தான் பங்கு வந்தது. முகாமில் ஒரு பிரிவுக்கு இவ்வளவு ரொட்டி என்று மொத்தமாகக் கொடுத்துவிடுவார்களாம். பிரித்துக்கொள்வது கைதிகள் பாடு. பசியில் இருப்பவர்களிடம் ரொட்டியை விட்டால் என்ன ஆகும்? முதல் வாரம் அடிதடி. பிறகு அவர்களே ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். கம்பளியிலிருந்து ஒரு நூலை உருவி, அதைக் கொண்டு ரொட்டியைச் சமமாக அறுக்க வேண்டும். அறுத்தவன் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்த பிறகு மிஞ்சியதுதான் அவனுக்கு. அதனால் ஒருவனும் கோணலாக அறுக்க மாட்டான். அறுக்கிற வேலை தினம் ஒருவனுக்கு முறை வைத்துப் போகும். யாருக்காவது குறை இருந்தால் வாயில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தின்ற பிறகு சொன்னால் செல்லாது. 'அதிகாரிகள் வகுத்த எந்தச் சட்டத்தையும் விட அந்த நூலிழைச் சட்டம் உயர்ந்தது. எங்களை மிருகமாகாமல் காத்தது அதுவே' என்று எழுதி, 'பங்கிட்டவன் இறுதியில் உண்ணும் அந்தத் தியாகத்தை இன்றும் எண்ணிக் கண்ணீர் மல்குகிறேன்' என்று முடித்திருந்தார்.

அன்றைக்கு வீட்டில் சுர்மாய். ஊரில் வஞ்சிரம் என்பதை இங்கே சுர்மாய் என்று கேட்டால்தான் ஜங்கிலிகாட் மார்க்கெட்டில் கொடுப்பார்கள். கணவர் கப்பலிலிருந்து வந்திருந்தார். நடுத்துண்டு மாமனாருக்கு, அடுத்தது கணவருக்கு. வால் எனக்கு. மாமனார் அந்த வாலைப் பார்த்துக்கொண்டே தன் துண்டைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கடைசியில் உண்பவனின் தியாகத்தைப் பற்றிய பக்கத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? நான் தியாகி என்று ஒருவரும் கண்ணீர் மல்கவில்லை. மல்க வேண்டாம், ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நீ உக்காரு" என்று சொல்லியிருக்கலாம். அவர் கண் அசந்ததும் அந்த வரிக்கு அடுத்தபடியாக அடித்தேன்:

'(இவ்விதியில் பங்கிடுபவர் கடைசியில் உண்பது மட்டுமே நூலாசிரியரின் வீட்டில் நடைமுறையில் உள்ளது. சமமாக அறுப்பதும், முறை மாறுவதும் இருபது ஆண்டுகளாக நடைமுறைக்கு வரவில்லை. - தட்டச்சு செய்தவர்.)'

மனது லேசாகிவிட்டது. நன்றாகத் தூங்கினேன்.

வேலை முடிந்ததும் உட்கார்ந்து அடைப்புக்குறிகளை எல்லாம் தேடித் தேடி அழித்தேன். இந்த ஒன்று எப்படித் தப்பியது என்று கணவர் பிற்பாடு பல தடவை கேட்டார். எனக்கும் தெரியாது. அவர் நம்பவில்லை. சில நாட்களில் நானும் நம்புவதில்லை.

பிழை பார்ப்பதற்காக மெயின்லேண்ட் அச்சகம் முழுப் புத்தகத்தையும் செயலாளரின் போனுக்கு அனுப்பியது. நூற்றுச் சொச்சம் பக்கம். அவர் அதைத் திறக்கிற நேரத்துக்குள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டார். "நாங்க முழுசா செக் பண்ணியாச்சு, மேடம்" என்று எனக்கும் சொன்னார். அப்புறம் புத்தகக் கட்டுகள் கப்பலேறின. கப்பல் ஏறியது என்றால் வந்து சேர்ந்தது என்று அர்த்தமில்லை. இங்கே இருக்கிறவர்களுக்கு அது தெரியும். கடல் மோசமாகி, கப்பல் புறப்படவே தாமதமாகி, விழா நாள் நெருங்க நெருங்க மாமனார் கணவருக்குப் போன் போட்டு, "கடலு எப்பிடிரா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய பழைய பிரதிகளைத் தின்ற கடல் அல்லவா, சந்தேகம் இருக்காதா?

கப்பல் விழா அன்று காலையில்தான் ஹேடோ துறைமுகத்தில் கட்டியது. கட்டுகளை இறக்கி நேரே மன்றத்து ஹாலுக்குக் கொண்டு வந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் வெள்ளைச் சட்டை போட்டு, பதக்கங்களைப் பல்பொடி போட்டுத் துலக்கிக் குத்தியிருந்தார். ஒரு பிரதியை எடுத்து, பிரிக்காமல், மோந்து பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது. மோந்து பார்க்கக் கண்ணாடி வேண்டாமே. "புது வாசம், தாயி" என்றார்.

நானும் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். ஏழாம் அத்தியாயம் எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்போமே என்று ஒரு ஆசை. நன்றாக வந்திருந்தது. அடைப்புக்குறி உட்பட.

கை கால் ஓடவில்லை என்பார்களே, அது பொய். எனக்கு இரண்டும் ஓடின, எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. ஏனென்றால், தலைமை விருந்தினர் மேடையில் வாசிப்பதற்கு "கண்ணீர் வர்ற மாதிரி ஒரு பக்கம்" தேர்ந்தெடுத்துக் கொடுக்கும்படி செயலாளர் என்னைத்தான் கேட்டிருந்தார். நான்தான் ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் முன்னமே ஒரு பிரதியை எடுத்து, அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்து, ஜிகினாக் காகிதத்தில் சுற்றி, ரிப்பன் கட்டித் தட்டில் வைத்துவிட்டார்.

"ஜி, அந்தப் பக்கம் வேண்டாம். வேற பக்கம் சொல்றேன்" என்றேன்.

"அரே, இப்ப எப்படி மேடம்? பேக்கிங் ஆயிடுச்சே! சீஃப் கெஸ்ட் சாரும் கெளம்பிட்டாரு" என்று செயலாளர் வாசலுக்கு ஓடினார்.

மாமனார் மேடையில் போய் உட்கார்ந்துவிட்டார். முதுகு நேராக, கைகள் முழங்காலின் மேல். இந்த ஒரு சாயங்காலத்துக்காக எத்தனை வருஷம் நாப்தலீன் வாங்கியிருக்கிறார் அந்த மனிதர்! ஊரார் நடுவில் அவர் மானத்தை வாங்கப் போவது எதிரி இல்லை, அவருக்குச் சோறு போடுகிற நான். அவரை எனக்கு எத்தனையோ நாள் பிடிக்காமல் இருந்திருக்கிறது. ஆனால் இப்படி வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

தலைமை விருந்தினர் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த தமிழ் அதிகாரி. கோப்பு படித்துப் பழகியவர். ஒரு எழுத்து விடாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், நிதானமாக வாசித்தார். நூல் வந்தது, முதுகு திரும்பியது, கண்ணீர் மல்கியது. பாதியில் களைத்து நிறுத்திவிட மாட்டாரா என்று வேண்டாத தெய்வம் இல்லை. அதிகாரி நிறுத்தவில்லை. 'இவ்விதியில் பங்கிடுபவர்' என்று தொடங்கி, 'தட்டச்சு செய்தவர்' வரைக்கும், அதே குரலில், முற்றுப்புள்ளி வரை வாசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

பிறகு பெண்கள் உட்காரும் பின்வரிசையிலிருந்து ஒரு கைதட்டல். ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, சிரிப்பும் சேர்ந்துகொண்டது. முன்வரிசை ஆண்கள் யார் தட்டுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் மைக்கைப் பிடுங்கி, "மன்னிக்கணும், மன்னிக்கணும், இது அச்சகத்தோட பிழை! பிரிண்டிங் மிஸ்டேக்!" என்று கத்தினார். தீவில் நடக்கும் எந்தத் தவறுக்கும் மெயின்லேண்டைக் காட்டிவிடலாம். பிழைக்கத் தெரிந்த மனிதர்.

மாமனார் எழுந்தார். கையை நீட்டி மைக்கை வாங்கினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"பிழ இல்லங்கய்யா. அதுல 'தட்டச்சு செய்தவர்'னு போட்ருக்கது எங்க வீட்டு மருமக. அந்த ரிப்போர்ட்டு சரிதேன்" என்றார். "ஆனா முகாமுல ஒரு விதி உண்டு. பங்குல கொறை இருந்தா, வாயில வைக்கிறதுக்கு முந்தி சொல்லிப்புடணும். தின்னப்புறம் சொன்னாச் செல்லாது. இந்தப் பிள்ளை இருவது வருசம் கழிச்சுச் சொல்லிருக்கு." சுவரோரம் என்னைத் தேடிப் பார்த்தார். "இருந்தாலும், இந்தக் கொறைய நான் எடுத்துக்கிர்றேன்."

அவ்வளவுதான். மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். முதுகு அப்போதும் நேராகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாத அழுகை அது.

விழா முடிந்ததும் பிரியாணிப் பொட்டலம். வழக்கம்போல மேடையில் இருந்தவர்களின் டிரைவர்கள், டிரைவர்களின் உறவினர்கள் எல்லோரும் வாங்கிப் போன பிறகு, நூலாசிரியரின் குடும்பத்துக்கு ஒரே ஒரு பொட்டலம் வந்தது. செயலாளர் நாளைக்கு இன்னொன்று அனுப்புவதாகச் சொன்னார். பிரியாணியை நாளைக்கு அனுப்புகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். கணவர் கப்பலில் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து மேட்டுக்கு வந்தோம்.

வீட்டுக்கு வந்து, நான் பொட்டலத்தைப் பிரிக்கப் போனேன். "வையி" என்றார். பதக்கம் குத்திய சட்டையைக்கூட மாற்றாமல் சமையல்கட்டுக்குள் வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடினார். நான் சொல்லவில்லை. தேடட்டும் என்று நின்றேன். கடைசியில் இரண்டு தட்டை எடுத்துத் தரையில் வைத்து, சோற்றைக் கையால் இரண்டாகப் பிரித்தார். பருக்கை பருக்கையாக இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. ஒரு அவித்த முட்டை இருந்தது. என் தையல் டப்பாவைக் கேட்டு வாங்கி, நூல் ஒன்றை உருவி, பல்லில் ஒரு முனை, கையில் ஒரு முனையாக வைத்து முட்டையை அறுத்தார். மஞ்சள் கரு சிதறாமல் இரண்டு பாதி. ஐம்பது வருஷம் கழித்தும் அந்தக் கைக்கு மறக்கவில்லை. கோழி இரண்டு துண்டு. ஒன்று கால், ஒன்று கழுத்து. அதை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு தட்டில் கால், ஒரு தட்டில் கழுத்து வைத்து, கழுத்து இருந்த தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு தள்ளினார்.

பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

"எடுத்துக்க, தாயி."

'நீங்க முதல்ல எடுத்துக்கங்க மாமா' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. என் அம்மா வாயிலும் அவளுடைய அம்மா வாயிலும் இருந்து வந்த வாக்கியம் அது. நான் அதை முழுங்கினேன். இரண்டு தட்டையும் நன்றாகப் பார்த்தேன். கால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டேன்.

அவர் திரும்பினார். என் தட்டைப் பார்த்தார். "கால எடுத்துட்டியா?"

"ஆமா மாமா."

"கொறை எதும் உண்டா?"

"இல்ல மாமா."

"அப்பச் சாப்பிடு" என்று கழுத்தைக் கடிக்க ஆரம்பித்தார்.

மறுநாளும் அவரே பங்கு வைத்தார். அதற்கு மறுநாள் என் முறை என்று சொல்லிப் பார்த்தேன். "இருவது வருசம் ஒன் மொறதேன் ஓடியிருக்கு, போ" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். இதைப் படித்துவிட்டு வீட்டில் புரட்சி நடந்துவிட்டதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நாற்காலி இன்னும் இருக்கிறது. கின்தியும் நடக்கிறது. பங்கு வைப்பது மட்டும்தான் அவர் வேலை. சமைப்பது யார் முறை என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன். முகாமில் சமையலுக்கு எதிரிகள் இருந்தார்கள்.

புத்தகம் விற்றுவிட்டது. செயலாளர் இப்போது அந்த அடைப்புக்குறியைத் தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொள்கிறாராம். சொல்லிக்கொள்ளட்டும்.

இந்த மழைக்காலத்திலிருந்து மாமனாருக்குக் கை நடுங்குகிறது. கண்ணும் மங்கிவிட்டது. மீன் துண்டைத் தடவித் தடவித்தான் பிரிக்கிறார். பங்கு முன்னே மாதிரி சமமாக விழுவதில்லை. ஒரு தட்டு எப்போதும் நிறைந்தும் மற்றது குறைந்தும் இருக்கிறது. நிறைந்த தட்டு, எப்படியோ, என் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கண் தெரியாததால் அப்படி வைக்கிறாரா, தெரிந்தே வைக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. குறை இருந்தால் வாயில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, "கொறை எதும் உண்டா, தாயி?" என்று கேட்கிறார். நான் சத்தம் போடாமல் என் துண்டைப் பாதியாகப் பிட்டு அவர் தட்டில் வைத்துவிட்டு, "இல்ல மாமா" என்கிறேன்.